முடிக்கவே முடியாத ஓட்டத்துக்கு ஏன் இப்படி முட்டி மோதுகிறார்கள்?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடக்க வருகிறவர்களிடம், மலைக்காட்டுக்குள் நூறு மைல் ஓடுகிற போட்டி ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "எம்புட்டுப் பரிசு?" என்பார்கள். பரிசு கிடையாது, சில வருஷங்களில் முடிக்கிற ஆளே கிடையாது என்றால், "அப்புறம் எதுக்குண்ணே ஓடுறாய்ங்க?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஓட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஏற்கெனவே ஓடுகிறவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அது அல்ட்ரா மாரத்தான். 50 கி.மீ., 100 கி.மீ., 100 மைல் (அதாவது 161 கி.மீ.) எல்லாம் வழக்கமாக வைக்கிற தூரங்கள். தார்ச்சாலையில் நடப்பது ஒரு வகை; தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் அந்த வகை. மலை, காடு, ஒற்றையடிப் பாதை என்று போவது இன்னொரு வகை, அதுதான் டிரெயில் அல்ட்ரா. கலிபோர்னியாவில் குதிரைகளுக்காக நடந்துவந்த நூறு மைல் பந்தயத்தில் 1974-இல் கோர்டி ஐன்ஸ்லீ என்பவர் குதிரையே இல்லாமல் இறங்கி, 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்கிற இன்றைய புகழ்பெற்ற போட்டி அதிலிருந்து முளைத்ததுதான்.

மலையில் ஓடுவதற்கும் ரோட்டில் ஓடுவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், முதல் வித்தியாசம் இங்கே ஓட்டமே பாதி நேரம் கிடையாது. செங்குத்தான ஏற்றத்தில் உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்களும் கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு நடக்கத்தான் செய்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று ரோட்டில் பார்த்துக்கொண்டே இருப்போமே, அந்தக் கணக்கு மலையில் செல்லாது. எத்தனை மணி நேரம் காலில் நிற்க முடிகிறது என்பதுதான் கணக்கு. ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைப்பதும் ஒரு மூன்று மணி நேரம் வரைதான். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கி பிரேக் போட வேண்டியிருக்கிறது, அதில் தசை இழைகள் நுண்ணியதாகக் கிழிகின்றன. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி போய்விட்டு இறங்கி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது பேசிக்கொண்டே போனவர்கள் திரும்பி வரும்போது கால் வெடவெடவென்று ஆட, பாறையைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவார்கள். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். டிரெயில் அல்ட்ராவில் இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் இன்னும் எண்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

சரி, இதில் மிகக் கடுமையானது எது? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆல்ப்ஸ் மலையை மூன்று நாடுகள் வழியாகச் சுற்றிவரும் யு.டி.எம்.பி., கொலராடோவின் ஹார்ட்ராக், லடாக்கின் லா அல்ட்ரா என்று பட்டியல் பெரியது. நான் எடுத்துக்கொள்வது பார்க்லி மாரத்தான்ஸ். ஏனென்றால் மற்ற போட்டிகள் கஷ்டமான பாதையைக் கொடுத்துவிட்டு நீங்கள் முடிக்க உதவி செய்கின்றன, பார்க்லி நீங்கள் முடிக்கக் கூடாது என்றே யோசித்துச் செய்யப்பட்டது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஃப்ரோசன் ஹெட் என்ற மலைப் பூங்கா இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பழைய சிறைச்சாலை. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே 1977-இல் அந்தச் சிறையிலிருந்து தப்பித்துக் காட்டுக்குள் ஓடினான். இரண்டு நாளுக்கு மேல் ஓடி, பிடிபட்டபோது அவன் தாண்டியிருந்தது சுமார் 13 கிலோமீட்டர்தான். அந்தச் செய்தியைக் கேட்ட கேரி கான்ட்ரெல் என்ற ஓட்டக்காரர், "அந்த நேரத்தில் நான் நூறு மைல் போயிருப்பேனே" என்று கேலி பேசினார். லாசரஸ் லேக் என்ற பட்டப்பெயரில் பிரபலமான அவர்தான் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1986-இல் இந்தப் போட்டியைத் தொடங்கினார். இன்று பாதையில் அந்தச் சிறைச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கக் கால்வாய்கூட உண்டு.

ஐந்து சுற்று, மொத்தம் 60 மணி நேரம். சுற்றுக்கு 20 மைல் என்பது அதிகாரபூர்வக் கணக்கு; ஓடியவர்கள் அதைவிடக் கூடுதல் என்று சத்தியம் செய்கிறார்கள். தூரம் கிடக்கட்டும், ஏற்றத்தைப் பாருங்கள்: ஐந்து சுற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 18,000 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பெரியகுளம் கும்பக்கரையில் இருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய காட்டுப் பாதையைச் சுமார் பத்துத் தடவை ஏறி, பத்துத் தடவை இறங்க வேண்டும். அதுவும் பாதையே இல்லாமல், பெரும்பாலும் முள்ளுக்குள்.

ஜி.பி.எஸ். கிடையாது. முதல் நாள் சாயங்காலம் முகாமில் ஒரு வரைபடத்தை வைப்பார்கள். அதைப் பார்த்து உங்கள் வரைபடத்தில் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் காம்பஸ்தான் துணை. வழியில் ஆள் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஓரிரு இடத்தில் தண்ணீர் மட்டும் வைத்திருப்பார்கள். நீங்கள் ஒழுங்காகச் சுற்றி வந்தீர்கள் என்று எப்படித் தெரியும்? காட்டுக்குள் பத்துப் பதினைந்து இடத்தில் பழைய நாவல்களை ஒளித்து வைத்திருப்பார்கள், பாறை இடுக்கில், மரப் பொந்தில், பாலித்தீன் பையில் சுற்றி. உங்கள் மார்பில் குத்தியிருக்கும் எண் 47 என்றால் ஒவ்வொரு புத்தகத்திலும் 47-ஆம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். மழையில், விறைத்த விரலால், இரவு இரண்டு மணிக்கு, நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது சரியான பக்கத்தைப் பிரித்தெடுப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சுற்று முடிந்து, தொடக்கமும் முடிவுமான மஞ்சள் நிற கேட்டுக்கு வந்ததும் லாசரஸ் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் அந்தச் சுற்று கணக்கில் வராது. எண்ணி முடித்ததும் அடுத்த சுற்றுக்கு வேறு எண் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எப்போது தொடங்கும் என்பதும் தெரியாது. நடுராத்திரிக்கும் மறுநாள் நண்பகலுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் அவர் சங்கு ஊதுவார் (நிஜமான சங்கு). அதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார், அதுதான் தொடக்கம். அதனால் முதல் ராத்திரியே யாரும் சரியாகத் தூங்குவதில்லை. நுழைவுக் கட்டணம் 1 டாலர் 60 சென்ட், கூடவே முதல் தடவை வருகிறவர் தன் ஊரின் வண்டி நம்பர் பிளேட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். விண்ணப்பத்தில் "என்னை ஏன் ஓடவிட வேண்டும்" என்று கட்டுரை எழுத வேண்டும், தேர்வானால் வாழ்த்துக்குப் பதில் இரங்கல் கடிதம் வரும். எடுப்பது சுமார் 40 பேரை. அதில் கொஞ்சமும் தாங்க மாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு வேண்டுமென்றே 1-ஆம் எண்ணைக் கொடுப்பார்கள், அவருக்கு நரபலி என்றே பெயர். பாதியில் விட்டுவிட்டு வருகிறவருக்கு, ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்கில் வாசிக்கும் இசையைப் பியூகிளில் ஊதுவார்கள். கொஞ்சம் குரூரமான நகைச்சுவைதான், ஆனாலும் பாதியில் விட்டுவிட்டு வந்து அதைக் கேட்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஐந்து சுற்றையும் முதல்முதலில் ஒருவர் முடித்தது 1995-இல். 1986 முதல் 2025 வரை முடித்தவர்கள் மொத்தம் 20 பேர். 2018 முதல் 2022 வரை ஒருவரும் இல்லை. 2024-இல் அதிசயமாக ஐந்து பேர் முடித்தார்கள்; மறு வருஷமே பாதை இன்னும் கடுமையானது, 2025-இல் ஒருவரும் முடிக்கவில்லை.

பார்க்லியின் தனித்தன்மை எனக்குப் புரிகிற இடம் இதுதான். நம்மூர் நகர மாரத்தானில் பணம் கட்டிய அன்றே முடிவு தெரிந்துவிடும். டீ-ஷர்ட் வரும், கழுத்தில் மெடல் விழும், போட்டோ வரும். நடந்தே போனாலும் முடித்துவிடலாம். அதைக் குறை சொல்லவில்லை, புதிதாக ஓடுகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் படிப்பு, வேலை, லோன், ஓட்டம் என்று எல்லாவற்றிலும் போட்ட உழைப்புக்கு இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பழகிய ஆட்களுக்கு, நிஜமாகவே தோற்றுப்போக வாய்ப்புள்ள ஒரு விஷயத்தில் இறங்குவது என்பது கிடைக்காத சரக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தோற்கிற இடத்தில் தோற்றால் அவமானமும் இல்லை. ஆகவே ஜெயிக்கிற ஆசையைத் தூக்கி வைத்துவிட்டு, "நான் எதுவரை போவேன்" என்று மட்டும் பார்க்க முடிகிறது. முடித்தால்தான் பலன் என்று இருந்திருந்தால் இந்தப் போட்டி எப்போதோ செத்திருக்கும். மூன்று சுற்றை 40 மணி நேரத்துக்குள் முடித்தால் அதற்குப் பெயர் 'ஃபன் ரன்', ஜாலி ஓட்டம்! அதை முடித்ததையே வாழ்நாள் சாதனையாக வைத்திருக்கும் பெரிய ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை மருத்துவர், ஸ்காட்லாந்தில் இருப்பவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பெண்களால் இதை முடிக்க முடியாது என்று லாசரஸ் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பாரிஸ் 2022-இல் மூன்று சுற்று போனார். 2023-இல் நான்காம் சுற்றுக்குள் போனார். 2024-இல் ஐந்தையும் முடித்து மஞ்சள் கேட்டைத் தொட்டபோது கடிகாரம் 59 மணி 58 நிமிடம் 21 விநாடி. 99 விநாடிதான் மிச்சம், தொட்ட கையோடு தரையில் சரிந்துவிட்டார். இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2017-இல் கனடாவின் கேரி ராபின்ஸ் கடைசிச் சுற்றில் மூடுபனியில் வழி தவறி, ஓர் ஆற்றைக் கடந்து, தப்பான திசையிலிருந்து ஓடி வந்து கேட்டைத் தொட்டார். 60 மணி நேரம் கடந்து 6 விநாடி. அந்த ஆறு விநாடிதான் செய்தியில் வந்தது, ஆனால் முன்கூட்டியே வந்திருந்தாலும் அது செல்லாது, பாதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டாரே. காலில் தெம்பு இருந்தும் மூளை ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூளை என்றதும் தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாவது ராத்திரிக்கு மேல் மரம் மனிதனாகத் தெரியும், பாறை வீடாகத் தெரியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் கரேல் சாப்பே 2022-இல் பாதையை விட்டு விலகிப் பக்கத்து ஊருக்கே போய், ஒரு குப்பைத் தொட்டியை ஆள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் வண்டியில் முகாமுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதே ஆள் 2023-இல் திரும்பி வந்து, நேரம் முடிய ஏழு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஐந்து சுற்றையும் முடித்தார். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் தோன்றட்டும், எனக்குப் பிடித்த கதை இது.

இந்த மாதிரி ஓட்டத்தின் பலன் பெரும்பாலும் பாதி வழியில்தான் கிடைக்கிறது என்பது ஓடியவர்கள் எல்லாரும் சொல்வது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனதும் நூறு மைல் என்பது மண்டையிலிருந்து போய்விடும். ஷூவுக்குள் ஒரு கல் இருக்கிறது, இப்போதே எடுப்பதா, அந்த மரம் வரை போய் எடுப்பதா? வயிறு பிரட்டுகிறது, ஒரு வாய் உருளைக்கிழங்கு உள்ளே போகுமா? இப்படிச் சின்னச் சின்னப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது மட்டும் மிச்சமிருக்கும். ஆபீஸ் மெயிலும் இ.எம்.ஐ.யும் ஞாபகத்துக்கு வராது. இனி முடியவே முடியாது என்று உட்கார்ந்தவருக்கு, உப்பும் சர்க்கரையும் உள்ளே போய் இருபது நிமிடம் கழிந்ததும் கால் தானாக எழுந்து நடக்கும். "முடியாது" என்ற எண்ணம் பல நேரம் வெறும் பசிதான் என்று அனுபவமாகத் தெரிந்துகொண்டவர், அதை வேறு எங்கேயும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

நம் பக்கம் இது முற்றிலும் புதிதும் இல்லை. தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை வெறுங்காலோடு நடக்கிறார்கள். கொப்புளம், தூக்கமில்லாத ராத்திரி, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வருகிற அலுப்பு, திடீரென்று வருகிற உற்சாகம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அல்ட்ராவில் 'எய்ட் ஸ்டேஷன்' என்று ஒன்று சொல்வார்களே, தண்ணீரும் சாப்பாடும் வைத்திருக்கும் இடம், அது வழிநெடுக இருக்கும் அன்னதானப் பந்தல்தான். ஒரே வித்தியாசம், அல்ட்ராவில் கடிகாரம் ஓடுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒவ்வொரு பந்தலையும் தாண்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், அதுதான் கட்-ஆஃப்.

படித்துவிட்டு நாளைக்கே மலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா மலையிலும் இஷ்டத்துக்கு ஓட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், ட்ரெக்கிங் போனவர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு. ஆரம்பத்துக்கு சிறுமலை ஏறும் 18 கொண்டை ஊசி வளைவு ரோடே தாராளம். வளைவில் வண்டி வரும், ஓரமாகப் போங்கள். கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஏறி இறங்கிப் பழகலாம், அங்கே சிற்பங்களும் கல்வெட்டுகளும் இருப்பதால் பாதையை விட்டு விலகாமல். அழகர்கோவிலில் இருந்து நூபுர கங்கை வரை போகும் மலைச்சாலையில் நல்ல நிழல் உண்டு, வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிவிடும்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீளமாகப் போவதுதான் அல்ட்ராப் பயிற்சியின் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு போவதற்குத்தான் சனிக்கிழமை. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து இரண்டாயிரம் கலோரி அளவுதான், நூறு மைலுக்கு அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் செலவாகும், மீதியை ஓடிக்கொண்டேதான் சாப்பிட்டாக வேண்டும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, கட்டியான தயிர்சாதம் எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதோ அதைப் பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் வலிப்பும் வரும், உயிருக்கே ஆபத்து. தாகம் எடுக்கும்போது குடிப்பது, கூடவே உப்பு சேர்ந்த சாப்பாடு, அவ்வளவு போதும். கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஓட்டத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம்.

முதல் போட்டியாக 30 அல்லது 50 கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தில் காபித் தோட்டங்களுக்கு நடுவே நடக்கும் மல்நாடு அல்ட்ராவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். எந்தப் போட்டியானாலும் தூரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாமல், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கட்-ஆஃப் எத்தனை மணி நேரம், கடைசி எய்ட் ஸ்டேஷனில் இருந்து முடிவு வரை எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் கேளுங்கள். ஏற்றத்தின் கணக்கைச் சொல்லத் தெரியாத அமைப்பாளரிடம் பணம் கட்ட வேண்டாம்.